சம்மனசு வயிற்றில் நாற்பது கிலோ உப்பு

அமெரிக்காவின் விண்வெளி ஓடம் கடைசி முறையாகத் தரையிறங்கியபோது இந்திய நேரம் பிற்பகல் மூன்றரை. 2011 ஜூலை 21. புதுச்சேரியில் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் உதவி ஆசிரியராக இருந்தேன். அன்று எனக்குக் கிடைத்தது முதல் பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு பெட்டிச் செய்தி. முப்பது வருடம் ஆள் ஏற்றிப் போய் வந்த வாகனத்தை ஏன் நிறுத்துகிறார்கள் என்று எழுபது சொல்லுக்குள் சொல்ல வேண்டும்.

நான் எழுதிக் கொடுத்ததில் நான்கு காரணங்கள் இருந்தன. செய்தி ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ஏம்பா, இது என்ன ரேஷன் கடை லிஸ்ட்டா? வாசகன் டீ ஆறுறதுக்குள்ள படிச்சு முடிக்கணும். ஏன் நிறுத்தினான்? ஒரே வரியில சொல்லு."

"ஒரே வரியில சொல்ல முடியாது சார்."

"முடியும். செலவு."

"அது மட்டும் இல்ல சார்..."

"செலவுன்னு போடு. எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

போட்டேன். 'கட்டுப்படியாகவில்லை: விண்வெளி ஓடத்துக்கு மூடுவிழா' என்று தலைப்பும் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் சொன்னது சரிதான். பத்து நாள் யாரும் கேள்வி கேட்கவில்லை. பதினோராம் நாள் என் சொந்த ஊரிலிருந்து கேள்வி வந்தது.

எங்கள் ஊர் மரக்காணத்தை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மேற்கே உப்பளம், நடுவில் மாதா கோயில், அதைச் சுற்றி வீடுகள். ஆகஸ்ட் பதினைந்து ஊருக்கெல்லாம் சுதந்திர தினம். எங்களுக்கு அதோடு மாதாவின் விண்ணேற்புத் திருநாளும். அன்று மாலை நான்கு மணிக்கு மாதாவின் தேர் கோயில் மைதானத்தின் நடுவில் வந்து நிற்கும். மணிக்கூண்டின் இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து ஒரு சம்மனசு பறந்து வந்து மாதாவின் தலையில் மல்லிகை முடி சூட்டும். சம்மனசு என்றால் வானதூதர். பூசைப் புத்தகத்தில் சொல் மாறிவிட்டது, எங்கள் வாயில் மாறவில்லை.

பறப்பது பொம்மை இல்லை, ஆள். மணிக்கூண்டு ஜன்னலுக்கும் மைதானத்தின் எதிர்க்கோடியில் நட்ட சவுக்குக் கம்பத்துக்கும் இடையே ஒரு தடித்த கயிறு கட்டுவார்கள். கம்பத்துப் பக்கம் சற்றுச் சரிவாக இருக்கும். கயிற்றின் மேல் ஒரு இரும்புச் சக்கரம் ஓடும். சக்கரத்திலிருந்து தொங்கும் ஊஞ்சல் பலகையில் சம்மனசு உட்கார வேண்டும். நீலப் பட்டும் இறக்கையும் பலகையை மறைத்துவிடும். உப்பளத்து ஆட்கள் பன்னிரண்டு பேர், ஆறு பேர் முன்னால் மெல்லிய கயிற்றால் இழுக்க, ஆறு பேர் பின்னாலிருந்து இன்னொரு கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். ஆள் எடைக்கே சக்கரம் நகரும். இழுப்பவர்களின் திறமை, மாதாவுக்கு நேர் மேலே நிறுத்துவதில் இருக்கிறது.

பதினேழு வருடம் பறந்தவர் உப்பு லாரிகளில் மூட்டை ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. பெரிய மீசைக்காரர். ஆகஸ்ட் பதினாலாம் தேதி காலையில் மீசையை எடுப்பார். செப்டம்பர் எட்டு, மாதா பிறந்த நாளுக்குள் பாதி வளர்ந்திருக்கும். நடுவில் உள்ள மூன்று வாரம் உப்பளத்தில் அவர் போடும் அதட்டலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2010 திருநாளில் தூறல் விழுந்தது. கயிறு ஊறிப் பருத்து, சக்கரம் பாதி வழியில் பிடித்துக்கொண்டது. மேஸ்திரி அரை மணி நேரம் அந்தரத்தில் தொங்கினார். பொழுது போகாமல் ஒரு டீ கேட்டார். தூக்குச் சட்டியில் கட்டி மேலே அனுப்பினார்கள். இறங்கி வந்ததும் அவர் மனைவி அவரை மூட்டைத் தராசில் நிற்க வைத்து எடை பார்த்து, "இனிமே இவரு பறக்குறது மாதாவுக்கே அடுக்காது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

மேஸ்திரி தன் இடத்தைத் தன் அக்கா மகளுக்குக் கொடுத்தார். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. ஆரோவில்லில் ஒரு ஊதுபத்திப் பட்டறையில் வேலை. தினமும் ஸ்கூட்டியில் போய் வருவாள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் பின்சுவர் ஒன்று. என்னை அண்ணா என்பாள். அதுவரை எங்கள் ஊரில் பெண் யாரும் சம்மனசாகப் பறந்ததில்லை. ஏன் என்று கேட்டால் யாரிடமும் காரணம் இல்லை. அதனால் எதிர்ப்பும் இல்லை.

ஜூன் தொடங்கி ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்குப் பயிற்சி. இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவே தாழ்வாகக் கயிறு கட்டி, முதலில் ஒரு மூட்டையை ஓட்டிப் பார்த்தார்கள், பிறகு அவளை. கீழே மாட்டு வண்டியில் ஒரு பானையைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அதுதான் மாதா. ஆடும் பலகையில் உட்கார்ந்து, குனிந்து, பானையைத் தொடாமல், பூவைக் கசக்காமல் முடியை வைக்க வேண்டும். அறுபது தடவையாவது வைத்திருப்பாள். ஆனால் தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்துக்கு மேல் அவள் போனதில்லை. மணிக்கூண்டு ஜன்னலிலிருந்து கிளம்புவது திருநாளில்தான்.

திருநாள் கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு, கோயில் காரியங்களை முடிவு செய்யும் பங்குப் பேரவையின் கூட்டம். நான் சனிக்கிழமை மாலையே ஊருக்குப் போயிருந்தேன். காலையில் கோயிலுக்குப் போனால் அறிவிப்புப் பலகையில் பேரவைச் செயலாளர் என் பெட்டிச் செய்தியை ஒட்டியிருந்தார். 'கட்டுப்படியாகவில்லை' என்பதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. பலகைக்குப் பக்கத்தில் ஸ்கூட்டியில் சாய்ந்தபடி அவள் நின்றிருந்தாள்.

"அண்ணா, இத நீங்க எழுதினீங்களா?"

"ஆமா."

"பேரே போடலியே. நீங்கதான்னு செயலாளருக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"நான்தான் போன்ல சொன்னேன்."

"எதுக்கு?"

"சும்மா. ஒரு பெருமைக்கு."

"உங்க பெருமைக்கு என்னை எறக்கி வுட்டுட்டீங்களே" என்றாள். "அமெரிக்காக்காரனே நிறுத்திட்டான், நம்மளும் நிறுத்திடலாம்னு நேத்துலேர்ந்து தெருத்தெருவா சொல்லிட்டு வர்றாரு. ரெண்டு மாசமா பானைக்கே முடி வெச்சிட்டு இருக்கேன். ஒரே ஒரு தடவ மாதாவுக்கு வெக்கணும். அப்புறம் நிறுத்தட்டும், இன்னா வேணாப் பண்ணட்டும்."

"நான் இன்னா செய்யணும்?"

"எழுந்து நின்னு சொல்லுங்க, செலவு மட்டும் காரணம் இல்லன்னு. அதானே உண்மை?"

அதுதான் உண்மை. சொல்வதாக வாக்குக் கொடுத்தேன்.

பூசை முடிந்து மண்டபத்தில் முப்பது பேர் கூடினோம். பேரவைச் செயலாளர் சிமெண்ட் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். எந்தக் காரியத்திலும் எது கெட்டுப் போகும் என்பதை முதலில் பார்ப்பவர். அவர் எழுந்து, புதுக் கயிறு வாங்க வேண்டும், சக்கரம் தேய்ந்துவிட்டது, போலீஸில் கேட்டால் பொறுப்பு யார் என்று எழுதிக் கேட்கிறார்கள் என்றெல்லாம் சொன்னார். கடைசியில் என் செய்தியைத் தூக்கிக் காட்டினார்.

"அமெரிக்காக்காரனுக்கே கட்டுப்படியாவல. நம்ம இன்னா அவன விடப் பெரிய ஆளா?"

அவள் பெண்கள் வரிசையிலிருந்து என்னைப் பார்த்தாள். எழுந்தேன்.

"செலவு மட்டும் காரணம் இல்லீங்க" என்று தொடங்கினேன். "செலவு மொதல்லேர்ந்தே இருந்துது. நெனச்சதுக்கு மேலயே இருந்துது. அப்பிடியும் முப்பது வருஷம் ஓட்டினாங்க. நடுவுல ரெண்டு விபத்து. பதினாலு பேர் செத்துட்டாங்க."

செயலாளர் மெதுவாகச் சொன்னார்: "கேட்டுக்கங்க. ரெண்டுக்கே நிறுத்திட்டான். நமக்கு போன வருஷம் ஒண்ணு ஆயிடுச்சு."

மேஸ்திரி பின்னாலிருந்து கத்தினார். "யோவ், எனக்கு எங்க விபத்து ஆச்சு? நான் டீ குடிச்சேன்."

சிரிப்பு அடங்கியதும் விட்ட இடத்தைப் பிடித்தேன். "விபத்தும் முழுக் காரணம் இல்ல. ரெண்டாவது விபத்துக்கு அப்புறமும் எட்டு வருஷம் வெச்சிருந்தாங்க. மேல ஒரு நிலையம் கட்டிட்டு இருந்தாங்க. அதுக்கு சாமான் தூக்கிட்டுப் போவ இந்த வண்டி வேண்டியிருந்துது. கட்டி முடிச்சாச்சு. வண்டிக்கு வேல இல்ல."

பங்குச் சாமியார் அந்த வருடம்தான் மாற்றலாகி வந்திருந்தார். இளைஞர், மெதுவாகப் பேசுபவர். "அப்படிப் பார்த்தால் நம்ம புதுத் தேர்லயும் பின்னால படிக்கட்டு வச்சிருக்கோம், இல்லையா?" என்றார். "ஏறிப் போய் முடியை வச்சிட்டு வந்திடலாமே. சம்மனசுக்கு என்ன வேலை?"

நான் சொல்ல வந்தது அதுவல்ல. "அது ஒரு பக்கம், ஃபாதர். இன்னொண்ணு, ஒவ்வொரு தடவ அத மேல அனுப்பவும் ஆயிரக்கணக்கான பேர் வேல செய்யணும்."

கயிறு இழுப்பவர்களில் மூத்தவர் உடனே எழுந்தார். "இதச் சொன்னியே, இது நாயம். பன்னெண்டு பேரு வேணும். இப்ப ஒம்போது பேருதான் இருக்குறோம். மூணு பேரு கம்பெனி வேலைக்குப் பூட்டானுங்க."

அங்கே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் செய்தி மேசையில் இருபது வருடம் பழகியவன், பட்டியலைப் பாதியில் விடத் தெரியாது. "ஆள் இல்லாம எந்திரத்த மட்டும் அனுப்பினாலே பாதி வேல நடக்குதேன்னும் ஒரு பேச்சு இருந்துது" என்று சேர்த்துச் சொன்னேன்.

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

செயலாளரின் முகம் மலர்ந்தது. "ஆள் இல்லாம! தம்பி சரியாச் சொல்லிட்டான். பொம்மை சம்மனசு வுட்டா இன்னா?"

கை தூக்கச் சொன்னார்கள். இருபத்திரண்டு கை பொம்மைக்கு. மேஸ்திரி இரண்டு கையையும் எதிராகத் தூக்கினார், ஒன்றாகத்தான் எண்ணினார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவள் ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு காரணம்னு இருந்தப்பவே பரவால்லண்ணா" என்றாள்.

அன்று பஸ்ஸில் புதுச்சேரி போகும் வழி முழுக்க, நான் சொன்னதில் ஏதாவது ஒன்று தவறா என்று யோசித்துக்கொண்டே போனேன். ஒன்றுகூடத் தவறில்லை. சொல்லாமல் விட்டதுதான் ஒன்று இருந்தது. வண்டி நின்றபோது அடுத்து எதில் போவது என்று அமெரிக்காவில் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. பதிலுக்கு வரவேண்டிய திட்டத்தை அதற்கு முந்தின வருடம்தான் கைவிடுவதாக அறிவித்திருந்தார்கள். பயிற்சி முடித்து வரிசையில் நின்றவர்கள் அடுத்தவன் வண்டியில் இடம் கிடைக்குமா என்று பார்க்க வேண்டியதாயிற்று. அதைச் சொல்லியிருந்தால் யாராவது அவள் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கலாம். எழுபது சொல்லிலும் அது இல்லை, மண்டபத்திலும் எனக்கு வாயில் வரவில்லை.

பொம்மை புதுச்சேரியில் செய்து வந்தது. காகிதக் கூழில் அச்சு வார்த்து வண்ணம் பூசிய, ஐந்தடி உயர சம்மனசு. ரோஜா நிறக் கன்னம், தங்க இறக்கை. வலது கையில் ஒரு கொக்கி. கொக்கியில் முடியை மாட்டி, கீழே இருந்து நூலைச் சுண்டினால் முடி மாதாவின் தலையில் விழும் என்பது ஏற்பாடு. பதின்மூன்றாம் தேதி மாலை ஒத்திகை. நானும் விடுப்பில் வந்திருந்தேன்.

பொம்மை ஜன்னலைத் தாண்டியதும் கடல் காற்று அதைப் பிடித்தது. எடை இல்லாததால் சக்கரம் உருளவே இல்லை. இழுத்து இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்தால் பொம்மை பட்டம் போலச் சுழன்று, மாதாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"ஒரு ஆள் வெய்ட்டு வேணும்" என்றார் இழுப்பவர்களில் மூத்தவர். "உள்ள பொள்ளலாத்தான இருக்குது. உப்பப் போட்டு ரொப்பு."

"மணல் போடலாமே" என்றேன்.

"மணலுக்கு எவன் போவான்? உப்பு இங்கயே இருக்குது."

இதில் எங்கள் ஊரில் யாருக்கும் விசித்திரம் தெரியாது. பந்தல் கால் ஆடினால் உப்பு மூட்டை, தார்ப்பாய் பறந்தால் உப்பு மூட்டை, சரிவில் நிறுத்திய வண்டிச் சக்கரத்துக்கும் உப்பு மூட்டைதான். கனமான பொருள் என்றால் எங்களுக்கு அது ஒன்றுதான் ஞாபகம் வரும். அரை மணியில் நாற்பது கிலோ உப்பைச் சாக்கில் கட்டிப் பொம்மையின் வயிற்றில் இறக்கி, முதுகில் துணி ஒட்டிவிட்டார்கள். சம்மனசு அதன்பின் சொன்ன பேச்சைக் கேட்டது. சக்கரம் உருண்டது, முகம் நேராக நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். அவள் கோயில் சுற்றுச்சுவர் மேல் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், கை தட்டவில்லை. பொம்மையை மணிக்கூண்டு ஜன்னலிலேயே தொங்க விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அன்று இரவு மழை பெய்தது. மறுநாளும் புழுக்கம், மூட்டம். ஈரக் காற்றில் உப்பு என்ன ஆகும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்பாரம் குவித்த கையோடு ஓலை போட்டு மூடுகிற ஆட்கள். அந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பிறகு கேட்டபோது மூத்தவர் நேர்மையாகச் சொன்னார்: "வயித்துக்குள்ள போன பிறவு அத உப்புன்னே நெனக்கலப்பா. சம்மனசுன்னு நெனச்சுட்டோம்."

பதினைந்தாம் தேதி மாலை நான்கு மணி. தேர் வந்து நின்றது. பேண்டு வாத்தியம் முழங்கியது. மைதானம் நிறைந்திருந்தது. பக்கத்து ஊரான கூனிமேட்டிலிருந்து கடைக்காரர்கள்கூடக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பொம்மை ஜன்னலிலிருந்து வெளியே வந்து அழகாக, ஒரே சீராக நகர்ந்து, தேருக்கு நேர் மேலே நின்றது. செயலாளர் என் தோளில் தட்டினார்.

சரியாகச் சொன்னால் நாற்பது கிலோவும் ஒரே நேரத்தில் விழவில்லை. முதலில் பொம்மையின் பாதத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது. பேண்டு வாத்தியக்காரர்களில் ஒருவர் மேலே பார்த்தார். இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் ஊறிய காகிதக் கூழ் அடியில் ஓர் ஓரமாக விரிந்தது. ஒரு கை அளவு உப்பு விழுந்தது. பிறகு மொத்த அடியும் கழன்று, சாக்கு தேரின் விளிம்பில் பட்டுக் கிழிந்து, சாமியார் மேலும் டிரம்பெட்காரர் மேலும் கொட்டியது. டிரம்பெட்டின் வாய் நிறைந்து சத்தம் நின்றது. யாருக்கும் காயமில்லை. பிறகு பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல்:

"மாதாவே! வரத்தக் கேட்டா உப்பக் கொட்டுறியே!"

மைதானம் சிரிப்பில் குலுங்கியது. சாமியார் தலைமுடியிலிருந்து உப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு அவரும் சிரித்தார். இதற்குள் எடை போன பொம்மை துள்ளி மேலே எழும்பி, காற்றில் நாலைந்து சுற்றுச் சுற்றியது. இழுகயிறு பெரிய கயிற்றில் முறுக்கிக்கொண்டது. இழுத்தார்கள், வரவில்லை. விட்டார்கள், நகரவில்லை. நூலைச் சுண்டினார்கள், அது அறுந்து கையோடு வந்தது. முடி பொம்மையின் கையில் ஆடிக்கொண்டிருந்தது. மாதா வெறும் தலையோடு கீழே நின்றாள்.

முடி சூட்டாமல் தேர் நகராது. ஊரில் இருந்த நீளமான ஏணி தேரின் மாடத்துக்கு மேலே எட்டவில்லை. படிக்கட்டில் ஏறி நின்ற செயலாளர் கையை உயர்த்திப் பார்த்தார். கைக்கும் முடிக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்கலாம்.

"பழைய பலகையும் சக்கரமும் மேலதான் இருக்குது" என்றார் மேஸ்திரி. "பொம்மைக்குப் பின்னாடியே ஒரு ஆள வுட்டா முறுக்க எடுத்துடலாம்."

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி தன் வயிற்றைப் பார்த்தார். அந்த வருடம் மீசையும் முழுசாக இருந்தது. பிறகு திரும்பி அக்கா மகளைப் பார்த்தார்.

அவள் ஏற்கெனவே செருப்பைக் கழற்றியிருந்தாள். பக்கத்தில் நின்ற என் கையில் கொடுத்தாள். கிளிப்பச்சைச் சுடிதார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு செயலாளரிடம் போய் நின்றாள். கேட்கவில்லை, நின்றாள்.

"எவ்ளோ வெய்ட்டும்மா நீ?" என்றார் செயலாளர்.

"நாப்பத்தாறு."

அவர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் அவளைப் பார்த்து, "பயமா இருக்கா?" என்றார்.

"இருக்குது ஃபாதர். போட்டுமா?"

"போம்மா."

பின்கயிறு பிடிக்க ஆள் போதவில்லை. செயலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மணிக்கூண்டில் ஏறினார். கூனிமேட்டுக்காரர் ஒருவரும், உப்பு கொட்டிய டிரம்பெட்காரரும் பின்னாலேயே ஓடினார்கள். பன்னிரண்டு பேர் ஆனார்கள். செயலாளரின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது: "டேய், மெதுவா! மெதுவா வுடு! பொண்ணுடா, மூட்ட இல்ல!"

நான் கடிகாரம் பார்த்தேன், பழக்கம். ஜன்னலிலிருந்து பொம்மையை எட்ட நான்கு நிமிடம் ஆயிற்று. முதல் பத்தடி அவள் கண்ணை மூடியிருந்தாள். பிறகு திறந்தாள். பொம்மையிடம் வந்ததும் முடியைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தன் கையில் வளையல் போல மாட்டிக்கொண்டு, கயிற்றின் முறுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மூன்று நிமிடம். "இழு மாமா!" என்றாள். அடி இல்லாத பொம்மை கம்பத்தை நோக்கி ஓடிப்போனது. அவள் மாதாவுக்கு நேர் மேலே வந்து நின்றாள்.

குனிந்தாள். பானைக்கு வைத்தது போலவேதான். இடது கையால் பின்பக்கம் தாங்கி, வலது கையால் அரைச் சுற்றுத் திருப்பி, ஒரு இதழ் உதிராமல் வைத்தாள். மணி அடித்தது. வெடி போட்டார்கள்.

மேஸ்திரி கையைக் குவித்துக் கத்தினார். "வேல முடிஞ்சுது. இழுத்துடலாமா?"

"இரு மாமா. பாத்துட்டு இருக்கேன்."

இறக்கையும் பட்டும் இல்லாமல் கால் இரண்டையும் ஆட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை கிழக்கே பார்த்தாள், ஒருமுறை உப்பளத்தைப் பார்த்தாள். இரண்டரை நிமிடம். கயிறு பிடித்தவர்களுக்குக் கை வலித்திருக்கும், ஆனால் யாரும் அவசரப்படுத்தவில்லை.

இறங்கி வந்து என்னிடம் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டாள். செய்திக்காரன் புத்தி, மேலிருந்து என்ன தெரிந்தது என்று கேட்டேன்.

"உங்க வீட்டு மாடித் தொட்டிக்கு மூடி இல்லண்ணா" என்றாள்.

மறுநாள் காலையில் ஏறிப் பார்த்தேன். இல்லைதான்.

அடுத்த வருடம் சம்மனசு பறக்கவில்லை. அதை நிறுத்துவதற்கு என்று தனியாக ஒரு கூட்டமும் நடக்கவில்லை, யாரும் கை தூக்கவில்லை. ஆகஸ்ட் பிறந்தது, கயிறு கட்டுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை, சாமியார் தேரின் படிக்கட்டில் ஏறி முடியை வைத்துவிட்டு இறங்கினார். நன்றாகத்தான் இருந்தது. பிறகு பலரிடம் கேட்டிருக்கிறேன். செயலாளர் போலீஸ் அனுமதி என்பார். மூத்தவர் ஆள் இல்லை என்பார். மேஸ்திரியைக் கேட்டால், "எம் மீசதான் காரணம். வருஷா வருஷம் எடுக்க முடியாதுன்னேன், நிறுத்திட்டாங்க" என்பார். எல்லாமே உண்மை. எழுபது சொல்லுக்குள் அடங்காது.

அவளுடைய பதில் வேறு. "நான் போய்ட்டு வந்துட்டேன். அப்புறம் எதுக்கு?"

நான் ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டேன். தொட்டிக்கு மூடி போட்டாயிற்று. அவள் அதே பட்டறையில் இப்போது மேற்பார்வையாளர். சமீபத்தில் ஒருநாள் காலை பின்சுவரில் வந்து நின்றாள், கையில் பேப்பர். நம் நாட்டு ராக்கெட்டில் நம் ஆட்களை அனுப்பத் தயாராகிறார்கள் என்ற செய்தி. தேர்ந்தெடுத்தவர்கள் வரிசையாக நிற்கும் படம்.

"எப்போண்ணா போறாங்க?"

"தேதி தள்ளிப் போயிட்டே இருக்குது."

படத்தை இன்னொரு முறை பார்த்தாள். "பாவம்ணா" என்றாள். "அதுவரைக்கும் பானைக்கே வெச்சிட்டு இருக்கணும்."